அட்ரினல் சப்போர்ட் கேப்சூல் சாப்பிடும் தம்பி நாளுக்கு நாள் மெலிந்து கறுக்கிறான், என்ன செய்வது?

கொடுமுடி_செல்வி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தீபாவளிக்குப் பிறகு ஆள் பாதியாகிவிட்டான். படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறான். பசி இல்லை, அடிக்கடி குமட்டல். முகமும் கையும் கறுத்துவிட்டன. வெயிலில் அலைவதால் என்கிறார் அம்மா. ஆனால் அவன் வேலை முழுவதும் நிழலில்தான்.

சர்க்கரை இல்லை. தைராய்டு குறைவு, அதனால் டி.எஸ்.எச். அளவு லேசாகக் கூடியிருக்கிறது என்று ஒரு கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இன்னும் தொடங்கவில்லை. இதற்கிடையில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, தனக்கு ‘அட்ரினல் களைப்பு’ என்று அவனே முடிவு செய்து ஆன்லைனில் கேப்சூல் வாங்கிச் சாப்பிடுகிறான். அட்டையில் அசுவகந்தா, அதிமதுரம், வைட்டமின் சி, மாட்டு அட்ரினல் சுரப்பிப் பொடி என்று போட்டிருக்கிறது. எச்சிலை எடுத்து அனுப்பும் பரிசோதனை ஒன்றுக்கும் பணம் கட்டப் போகிறான். இதைத் தொடரலாமா? எந்த டாக்டரைப் பார்ப்பது?

உப்பும்_உயிரும் (மதுரை)

செல்வி, கேப்சூலைப் பற்றிப் பிறகு பேசலாம். தம்பியை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கரும்புள்ளியோ திட்டோ தெரிகிறதா? உள்ளங்கை ரேகைகள் மை பூசியதுபோல் இருக்கின்றனவா? விரல் முட்டிகள், பழைய காயத் தழும்பு? சாப்பாட்டில் உப்பு கூடுதலாகக் கேட்கிறானா? படுத்திருக்கும்போது ஒரு முறையும் எழுந்து நின்றதும் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

நான் 2011 முதல் அடிசன் நோயுடன் வாழ்கிறவள். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன். சிறுநீரகங்களின் மேல் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நாலைந்து கிராம்தான் இருக்கும். ஆனால் கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் அங்கிருந்துதான் வர வேண்டும். அடிசன் நோயில் அந்தச் சுரப்பி செயலிழக்கிறது. அவை குறைந்தால் சோடியம் சிறுநீரில் போய்விடும், பொட்டாசியம் ஏறும், ரத்த அழுத்தம் விழும். கார்டிசால் போதவில்லை என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பும். தோலும் ஈறும் கறுப்பது அதனால்தான். லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த நோய் இது. நம் நிறத்தில் கறுப்பு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். வாயைப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

பார்க்க வேண்டியவை: ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், காலை 8 மணி கார்டிசால், கூடவே ஏ.சி.டி.எச். கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் சந்தேகமே இல்லை. 15-ஐத் தாண்டினால் இந்த நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் நின்றால் ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டி, அரை மணி அல்லது ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். எச்சில் பரிசோதனை வேண்டாம். இரவில் எடுக்கும் எச்சில் கார்டிசால், ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் குஷிங் நோயைக் கண்டறியப் பயன்படுவது.

இன்னொன்று, அந்தத் தைராய்டு மாத்திரை. கார்டிசால் முடிவு வரும்வரை அதைத் தொடங்க வேண்டாம் என்று டாக்டரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டிசால் குறைந்த உடம்பில் தைராக்சினை முதலில் கொடுத்தால், இருக்கிற கொஞ்சம் கார்டிசாலும் வேகமாகச் செலவழிந்து ஆள் சரிந்துவிடலாம். கார்டிசால் குறைவே டி.எஸ்.எச். அளவை லேசாக ஏற்றிக் காட்டுவதும் உண்டு. வாந்தி நிற்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கோவை_நலம்

எல்லாவற்றுக்கும் இப்படிப் பயமுறுத்த வேண்டுமா? நான் ஐ.டி.யில் இரவுப்பணி. இதே மாதிரி அட்ரினல் சப்போர்ட் சாப்பிட்டு வருகிறேன். சாப்பிட ஆரம்பித்த வாரத்திலேயே சுறுசுறுப்பு வந்தது, எடையும் குறைந்தது. ஓயாத மன அழுத்தத்தில் சுரப்பி களைத்துப்போகிறது, அதற்கு ஊட்டம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். உடலிலேயே வைட்டமின் சி அதிகம் சேர்ந்திருக்கும் இடங்களில் ஒன்று அட்ரினல் என்பதை மருத்துவர்களே மறுக்க மாட்டார்கள். எனக்கும் ஐந்து டாக்டர்கள் ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வலி அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

மருந்துக்கடை_மணி (திருச்சி)

கோவை நண்பரே, உங்கள் களைப்பு உண்மை. அதை நார்மல் என்று தள்ளிவிட்டது சரியில்லை. ஆனால் அந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மேயோ கிளினிக்கின் மருத்துவ இதழில் 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்கச் சந்தையில் அட்ரினல் சப்போர்ட் என்று விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. எதையும் அட்டையில் ஹார்மோன் என்று எழுதவில்லை. தைராய்டு ஹார்மோனை விழுங்கினால் சுறுசுறுப்பும் வரும், எடையும் குறையும், படபடப்பும் வரும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்தால் சொந்தச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். களைத்த சுரப்பிக்கு ஊட்டம் என்று வாங்கியதே அதை உறங்கவைத்துவிடும்.

‘அட்ரினல் களைப்பு’ என்ற பெயர் 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்ற மாற்று மருத்துவர் வைத்தது. 2016-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் இது தொடர்பான 58 ஆய்வுகளைத் தேடிப் படித்துவிட்டு, அப்படி ஒரு நோய்க்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். வைட்டமின் சி அட்ரினலில் அதிகம் இருக்கிறது என்பது சரி. அதைக் கூடுதலாக விழுங்கினால் கார்டிசால் கூடும் என்பது அதிலிருந்து வராது.

செல்வி அக்கா, தம்பி முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுக்கிறாரா? எடுத்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன் பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது கார்டிசாலையும் தைராய்டையும் தவறாகக் காட்டும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. கேப்சூல் டப்பாவைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாளை_சித்தர்

நான் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று மருத்துவமனை நடத்துகிறேன். எங்கள் மூலிகைகளின் பெயர் இந்த டப்பாவில் இருப்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

அமுக்கராவை, அதாவது அசுவகந்தாவை, தூக்கமின்மைக்கும் உடல் தேறுவதற்கும் நாங்கள் பயன்படுத்துகிறோம். மன அழுத்தம் உள்ளவர்களிடம் செய்த சில ஆய்வுகளில் அது கார்டிசாலைக் குறைத்திருக்கிறது. கார்டிசாலே இல்லாதவனுக்கு அதைக் குறைக்கும் மருந்தை எந்தக் கணக்கில் கொடுப்பது? தைராய்டு ஹார்மோன் அளவையும் அது ஏற்றலாம். கல்லீரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடை செய்தது. அந்தத் தடை மிகை என்பது என் கருத்து. ஆனாலும் அளவும் ஆளும் பார்க்காமல் விற்கும் பொருள் அல்ல அது.

அதிமதுரம் இன்னும் நுட்பமானது. அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் என்சைமைத் தடுக்கிறது. அப்போது கார்டிசாலே ஆல்டோஸ்டிரோன் போல நடந்து உப்பைப் பிடித்துவைக்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நெதர்லாந்து மருத்துவர்கள் 1950-களின் தொடக்கத்தில் அடிசன் நோயாளிகளுக்கே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுரப்பியில் கொஞ்சமாவது கார்டிசால் மிச்சமிருந்தால்தான் அது பலிக்கும். முழுதும் அழிந்த சுரப்பிக்கு அதைக் கொடுப்பது வறண்ட கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கிப் போடுவதுதான். சிகிச்சை தொடங்கிய பிறகோ, ஆல்டோஸ்டிரோனுக்கு ஈடாகக் கொடுக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோனுடன் அதிமதுரமும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாகும். இருமலுக்கு ஒரு துண்டு மெல்வதை நான் சொல்லவில்லை, தினசரி கேப்சூலைச் சொல்கிறேன்.

இந்தத் தம்பி என்னிடம் வந்திருந்தால் நாடி பார்த்த கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன்.

தஞ்சை_வயல்

மணி சொன்னதற்கு என் அப்பாவே சாட்சி. முழங்கால் வலிக்கு ஊர் ஊராக வந்து விற்கும் ஒருவரிடம் பொட்டலம் பொட்டலமாகப் பொடி வாங்கிச் சாப்பிட்டார். பழுப்பு நிறப் பொடி, காகிதத்தில் மடித்து ரப்பர் பேண்ட் போட்டது. வலி மாயமாகப் போனது, பசி எடுத்தது, முகம் பூரித்தது. உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். கை கால் மட்டும் குச்சியாகிக்கொண்டே வந்தது, தொட்டாலே தோலில் ரத்தம் கட்டியது. விற்பவர் ஒரு பருவத்தில் வரவில்லை. பொடி தீர்ந்த சில நாட்களில் அப்பா எழ முடியாமல் படுத்துவிட்டார், வாந்தி, ரத்த அழுத்தம் 80. டாக்டர் முகத்தையும் தோலையும் பார்த்ததுமே பொடியைப் பற்றித்தான் கேட்டார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். காலை கார்டிசால் ஏறக்குறைய இல்லை.

அப்பாவுக்கு உடம்பு கறுக்கவில்லை. பிட்யூட்டரியே உறங்கிப்போனால் ஏ.சி.டி.எச். ஏறாது, அதனால் கறுப்பு வராது என்று விளக்கினார்கள். ஆகவே கறுப்பு இல்லை என்பதால் மட்டும் யாரும் நிம்மதி அடைய வேண்டாம். கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்து, சொந்தச் சுரப்பி விழித்துக்கொண்டதைப் பரிசோதித்த பிறகே நிறுத்தினார்கள். மூட்டுவலிப் பொடி, ஆஸ்துமா லேகியம், உடம்பு பெருக்கும் மாத்திரை, முகம் வெளுக்கும் கிரீம் என்று எந்தப் பெயரில் ஸ்டீராய்டு வந்தாலும், நெடுநாள் பயன்படுத்தியிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அமெரிக்காவிலும் 2022-இல் ‘ஆர்ட்ரி கிங்’ என்ற மூட்டுவலி மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் ஒளிந்திருப்பதாக அரசே எச்சரித்தது.

கரூர்_தாய்

பெண்களுக்காக ஒரு வார்த்தை. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய், பிறகு பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல், வருடக்கணக்கில் சோர்வு என்று அலைபவர்கள் பிட்யூட்டரியைப் பார்த்துவிடுங்கள். ஷீஹான் நோய்க்குறி என்பார்கள். அங்கேயும் கார்டிசால்தான் குறையும், உடம்பு கறுக்காது. ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்று விட்டுவிடாதீர்கள்.

கொடுமுடி_செல்வி

எல்லோருக்கும் நன்றி. உப்பும்_உயிரும் அக்கா சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறில் நீலம் கலந்த கறுப்பாகத் திட்டுகள். கை விரல் முட்டிகளும் அப்படியே. சோற்றில் உப்பைத் தூவிச் சாப்பிடுவதும் ஊறுகாய் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்வதும் அப்போதுதான் பிடிபட்டது.

அன்றே அழைத்துப்போனோம். சோடியம் 122, பொட்டாசியம் 6. உடனே அட்மிட் செய்துவிட்டார்கள். கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் இட்லி கேட்டான்! கார்டிசால் 1.6. சி.டி. ஸ்கேனில் இரண்டு அட்ரினலும் வீங்கியிருந்தன. காசநோயா, ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையா என்று ஸ்கேனை வைத்து மட்டும் பிரிக்க முடியாது என்று சொல்லி ஊசி வழியாகத் திசு எடுத்தார்கள். காசநோய் என்று வந்திருக்கிறது. இருமலே இல்லாமல் காசநோயா என்று வீட்டில் யாருக்கும் நம்ப முடியவில்லை.

இப்போது ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன், காசநோய் மாத்திரைகள். கேப்சூலை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஸ்டீராய்டு என்றதும் அம்மா பயப்படுகிறார், குறைத்துக் கொடுக்கலாமா என்கிறார். வீட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

உப்பும்_உயிரும் (மதுரை)

செல்வி, படித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. நல்ல நேரத்தில் பிடித்துவிட்டீர்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுப்பது உடலின் தேவைக்கு மேலான அளவு, அதன் பக்கவிளைவுகளைத்தான் ஊர் பேசுகிறது. தம்பிக்குக் கொடுப்பது உடலே சுரந்திருக்க வேண்டிய அளவு, நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். அதைக் குறைத்தால் மிச்சமாவது எதுவும் இல்லை. கார்டிசால் கையில் கிடைக்காத காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் சில ஆண்டுகளில் இறந்தார்கள். அதைக் கண்டுபிடித்துப் பயனுக்குக் கொண்டுவந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க அதிபராக இருந்த கென்னடிக்கும் அடிசன் நோய்தான். 1947-இல் கண்டுபிடித்தார்கள். இந்த மருந்துகளோடுதான் அவர் அதிபரானார்.

காசநோய் தாக்கிய அட்ரினல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆறு மாதத்திலோ அதற்கு மேலோ காசநோய் மாத்திரை முடியும், ஆனால் ஹைட்ரோகார்டிசோன் தொடரும். இரண்டும் சேர்ந்து முடிந்துவிட்டதாக யாராவது நினைத்து நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருக்கிறது, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது அதனால்தான். அது கல்லீரலைத் தூண்டிக் கார்டிசாலை வேகமாக உடைத்துவிடும். ஆகவே அந்தக் காலம் முழுவதும் ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், சிலருக்கு இரட்டிப்பாகவே. உங்கள் டாக்டர் கூட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். காசநோய்ப் பிரிவும் ஹார்மோன் பிரிவும் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கும். ஒருவர் எழுதுவதை மற்றவரிடம் காட்டும் வேலை நம்முடையது. காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் பதிந்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வரும், விட்டுவிடாதீர்கள்.

முதல் வேளையை எழுந்ததும் கொடுங்கள், பல் துலக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கடைசி வேளை மாலை நான்கு ஐந்து மணிக்குள் முடிய வேண்டும், பிந்தினால் தூக்கம் போகும். காய்ச்சல் வந்தால், தணியும்வரை இரண்டு மூன்று நாள் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், கடுமையாக இருந்தால் மும்மடங்கு. பல் பிடுங்கினாலும் அறுவை சிகிச்சை என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி, உடனே. மூச்சுத்திணறலுக்கும் ஒவ்வாமைக்கும் போடும் அதே ஊசிதான், சின்ன நர்சிங் ஹோமிலும் இருக்கும். ஒரு குப்பியும் சிரிஞ்சும் வீட்டில் வைத்துக்கொண்டு, தொடையின் வெளிப்புறத்தில் போடுவது எப்படி என்று செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் உப்புப் போட்ட மோர் நல்லது. வெயிலில் சுருண்டுவிட்டானே என்று இளநீரை வெட்டிக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு, தம்பி போன்றவர்களுக்கு நேர் எதிரானது. ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்.

சத்து மாத்திரைகளை நான் வெறுப்பவள் அல்ல. வைட்டமின் டி, கால்சியம் நான் எடுக்கிறேன், எலும்பு அடர்த்தி பார்த்து டாக்டர் எழுதியது. அதை ஹைட்ரோகார்டிசோனுக்குப் பதிலாக என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கோவை_நலம்

செல்வி, தம்பி பிழைத்ததில் உண்மையிலேயே மகிழ்ச்சி. மணி, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். அந்தக் கேப்சூலை நான் பல மாதங்களாக எடுக்கிறேன். இன்றே நிறுத்தலாமா?

மருந்துக்கடை_மணி (திருச்சி)

நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டரைப் பார்க்காமல் தொடர்ந்துகொண்டே இருக்கவும் வேண்டாம். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் டப்பாவுடன் போங்கள். காலை கார்டிசாலும் தைராய்டு அளவுகளும் பார்த்துவிட்டு, எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். உங்களுக்கு இரவுப்பணி என்பதால் எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கார்டிசாலின் ஏற்ற இறக்கம் தூக்கத்தோடு மாறும், எட்டு மணி அளவை அப்படியே படிக்க முடியாது.

பிறகு களைப்பின் காரணத்தைத் தேடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை. குறட்டை இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்ற சோதனை. மனச்சோர்வும் உடல் களைப்பாகவே வெளிப்படும், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். எல்லாம் நார்மல் என்று மறுபடியும் சொன்னால், எதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வார்டு_செவிலியர்

செல்வி, அவசரப் பிரிவில் பணிபுரிகிறவள் என்ற முறையில் ஒன்று. இரவு இரண்டு மணிக்கு வருகிறவருக்கு அடிசன் நோய் இருப்பது எங்களுக்குத் தெரியாது. வெறும் வாந்தி என்று நினைத்து வாந்தி மருந்து மட்டும் போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். அதனால் ஓர் அட்டை எழுதி லேமினேட் செய்து, தம்பி பர்ஸிலும் மொபைல் உறையிலும் வையுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்:

‘எனக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லை. ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது. வாந்தி, மயக்கம், விபத்து, கடும் காய்ச்சல் என்றால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, பிறகு நார்மல் சலைன். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.’

கீழே உங்கள் தொலைபேசி எண், சிகிச்சை தரும் மருத்துவரின் எண், இப்போதைய மாத்திரை அளவு. 108-க்கு அழைக்கும்போதும் இதையே முதலில் சொல்லுங்கள்.

கொடுமுடி_செல்வி

அட்டை அடித்தாகிவிட்டது. ஹைட்ரோகார்டிசோன் அளவை டாக்டர் நேற்றுக் கூட்டிவிட்டார், ரிஃபாம்பிசினைப் பற்றிக் கேட்டதும் உடனே புரிந்துகொண்டார். ஒரே சிக்கல், ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை, ஈரோட்டிலும் ஒரு கடையில்தான் கிடைத்தது. தீர்ந்துபோனால் என்ன செய்வது?

மருந்துக்கடை_மணி (திருச்சி)

கையில் எப்போதும் ஒரு மாதத்துக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். காய்ச்சலில் இரட்டிப்பாக்கும்போது வேகமாகத் தீரும். ஊர்க் கடைக்காரரிடம் மருந்துச்சீட்டைக் கொடுத்து மாதாமாதம் வரவழைக்கச் சொல்லுங்கள், வாடிக்கை உறுதி என்றால் எடுத்துத் தருவார். அப்படியும் கிடைக்காமல் போனால் பிரெட்னிசோலோன் என்ற வேறொரு ஸ்டீராய்டுக்கு மாற்றலாம், அது எல்லாக் கடையிலும் இருக்கும். ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமில்லை. என்ன அளவு என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டு அந்த அட்டையின் பின்புறம் எழுதிவையுங்கள்.